ஒரு பல்கலைக்கழகத்துக்கு இத்தனை துறைகளில் ஆராய்ச்சி எதற்கு?

அறிவியல், பொறியியல், மருத்துவம் ஆகியவற்றில் ஆராய்ச்சி நடப்பது புரிகிறது. பழைய ஏடுகளையும் ஊர்ப் பதிவேடுகளையும் மெய்யியலையும் ஆராய அதே பல்கலைக்கழகம் ஏன் ஆட்களையும் பணத்தையும் ஒதுக்க வேண்டும், அங்கு நடப்பதை உண்மையில் ஆராய்ச்சி என்று சொல்லலாமா என்று இயற்பியல் படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆனால் 'எல்லா அறிவும் முக்கியம்தான்' என்று பொதுப்படையாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டால் அது பதிலாகாது. ஆகவே ஒரே ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டு, அங்கே எந்தத் துறை எதைச் செய்தது, அது எப்படி இன்னொரு துறையின் கைக்குப் போனது என்பதைச் சொல்லிப் பார்க்கிறேன். நான் எடுத்துக்கொள்வது கேம்பிரிட்ஜ். அதன் ஆய்வு வரலாறு நன்றாகப் பதிவாகியிருப்பது ஒரு காரணம். நம் ஊரில் பிறந்தவர்கள் சிலர் அந்த வரலாற்றின் நடுவிலேயே நிற்பது இன்னொரு காரணம்.

ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியேறிய அறிஞர்கள் 1209இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்று 31 கல்லூரிகளும், கலை மற்றும் மானுடவியல், மானுட மற்றும் சமூக அறிவியல், உயிரியல், மருத்துவம், இயல் அறிவியல், தொழில்நுட்பம் என்ற ஆறு பெரும் புலங்களும், அவற்றுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட துறைகளும் மையங்களும் இருக்கின்றன. இருந்தாலும் எண்ணூறு ஆண்டுகளும் அது ஆராய்ச்சிக்கூடமாக இருந்துவிடவில்லை. அதன் வரலாற்றின் பெரும்பகுதியில் அங்கு நடந்தது பாடம் சொல்வதும் தேர்வு வைப்பதும்தான். இயற்பியலுக்கான கேவண்டிஷ் ஆய்வகம் திறக்கப்பட்டது 1874இல். முனைவர் பட்டம் வந்ததோ முதல் உலகப் போர் முடிந்த பிறகுதான். 1914இல் அங்கு போய்ச் சேர்ந்த ராமானுஜனுக்கு 1916இல் கிடைத்தது ஆய்வின் வழியாகப் பெறும் பி.ஏ. பட்டம்; முனைவர் பட்டம் அன்று அங்கே இருக்கவில்லை. ஆக, எல்லாத் துறைகளிலும் புதிதாகக் கண்டறிவதே ஆசிரியரின் கடமை என்ற எண்ணத்துக்கு அங்கும் வயது நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்று முன்பின்தான்.

ஆராய்ச்சி என்பதற்கு நான் வைத்துக்கொள்ளும் வரையறை எளியது. இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அதை இன்னொருவர் சரிபார்க்கவும் மறுக்கவும் வழி விட்டுச் சொல்ல வேண்டும். இந்த இரண்டும் எல்லாத் துறைக்கும் பொது. சரிபார்க்கும் வழிதான் துறைக்குத் துறை மாறுகிறது. வேதியியலாளர் தன் சோதனையை வேறோர் ஆய்வகம் திரும்பச் செய்யும்படி எழுதுகிறார். கணிதவியலாளர் ஒவ்வொரு படியையும் வாசகர் தானே நடந்து பார்க்கும்படி நிறுவலை வைக்கிறார். வரலாற்றாசிரியரால் பதினேழாம் நூற்றாண்டைத் திரும்ப நடத்திக் காட்ட முடியாது. ஆனால் எந்த ஆவணக் காப்பகத்தில், எந்தக் கட்டில், எந்தத் தாளில் தான் அதைப் படித்தார் என்று அடிக்குறிப்பில் சொல்லி, நீங்களும் போய்ப் படித்து அவர் படித்தது தவறு என்று காட்ட இடம் தருகிறார். இயற்பியல் மாணவரின் கண்ணுக்கு அடிக்குறிப்பு ஓர் அலங்காரமாகத் தெரியலாம். அந்தத் துறையில் அதுதான் சோதனைக் குறிப்பேடு.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் வரலாறு என்றால் மன்னர் கதை என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 1964இல் பீட்டர் லாஸ்லெட், டோனி ரிக்லி என்ற இருவர் கேம்பிரிட்ஜில் மக்கள்தொகை வரலாற்றுக்கென ஓர் ஆய்வுக் குழுவைத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 1538 முதல் ஒவ்வொரு பங்குத் தேவாலயமும் தன் எல்லைக்குள் நடந்த திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வந்திருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய சாதாரண மக்கள் எத்தனை வயதில் மணந்தார்கள், ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், மக்கள்தொகை ஏன் ஏறியது என்பதையெல்லாம் அந்தப் பதிவேடுகளிலிருந்து எடுக்க முடியுமா என்பதே அவர்களின் கேள்வி. நாடு முழுவதும் உள்ளூர் வரலாற்றில் ஆர்வம் கொண்ட தன்னார்வலர்கள் தங்கள் ஊர்ப் பதிவேடுகளைப் புரட்டி, மாதவாரியாக எண்ணி அனுப்பினார்கள். அவற்றில் 404 தேவாலயப் பங்குகளின் தரவுகளை வைத்து, 1541 முதல் 1871 வரையிலான இங்கிலாந்தின் மக்கள்தொகையை மீட்டெழுதி 1981இல் ரிக்லியும் ரோஜர் ஸ்கோபீல்டும் நூலாக வெளியிட்டார்கள்.

கூட்டல் கணக்கு போட்டால் முடிந்துவிடும் வேலை அல்ல அது. ஆங்கிலத் திருச்சபையைச் சேராதவர்களின் குழந்தைகள் அந்தப் பதிவேட்டில் வரமாட்டார்கள். பிறந்து சில நாளில் இறந்த குழந்தை திருமுழுக்குக்கு முன்பே போய்விடும். பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல ஊர்களில் பதிவே இல்லை. ஒவ்வொரு விடுபடலையும் மதிப்பிட்டுத் திருத்தி, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடிக்கணக்கிலிருந்து பின்னோக்கிக் கணினியில் கணித்து வந்தபோது கிடைத்த முடிவுகள் பாடநூல்களை மாற்றின. அக்காலத்து இங்கிலாந்து வீட்டில் சராசரியாக ஐந்து பேருக்கும் குறைவாகவே வாழ்ந்தார்கள்; பெரிய கூட்டுக் குடும்பம் அங்கு பொது வழக்கமாக இருக்கவில்லை. பெண்கள் முதன்முதலாக மணந்தது பெரும்பாலும் இருபதுகளின் நடுவில். பதினெட்டாம் நூற்றாண்டில் மக்கள்தொகை பெருகியதற்கு இறப்பு குறைந்ததைவிட, திருமணம் முன்கூட்டியே நடந்ததும் அதனால் பிறப்பு கூடியதும் பெரிய காரணங்கள். தரவு, பிழைமதிப்பீடு, மாதிரி, மறுக்கத்தக்க முடிவு எல்லாம் இங்கே இருக்கின்றன. இதை ஆராய்ச்சி அல்ல என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

இனி வேதியியல் பக்கம் போவோம். 1990களின் நடுவில் கேம்பிரிட்ஜ் வேதியியல் துறையில் இருந்த சங்கர் பாலசுப்ரமணியன், டேவிட் கிளெனர்மன் இருவருக்கும் ஒரு கேள்வி இருந்தது: டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி, ஓர் எழுத்தின் (டி.என்.ஏ.வை ஆக்கும் நான்கு வகை அலகுகளை எழுத்துகள் என்பார்கள்) பக்கத்தில் இன்னோர் எழுத்தைச் சேர்ப்பதை ஒற்றை மூலக்கூறு அளவில் கண்ணால் காண முடியுமா? முன்னவர் 1966இல் சென்னையில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் இங்கிலாந்து போனவர். உயிர்மூலக்கூறுகளின் வேதியியல் தெரிந்தவர். பின்னவர் லேசர் ஒளியியலில் தேர்ந்தவர். நிறமேற்றிய எழுத்துகளை வைத்து அந்த நொதியைக் கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, இதையே பெருக்கினால் டி.என்.ஏ.வைப் படிக்கும் கருவியாகுமே என்று 1997 வாக்கில் தோன்றியது. துண்டு துண்டான டி.என்.ஏ.வைக் கண்ணாடிப் பரப்பில் பதித்து, நான்கு எழுத்துகளுக்கும் நான்கு நிறம் கொடுத்து, ஒரு சுற்றுக்கு ஓர் எழுத்து மட்டுமே சேரும்படி தடை வைத்து, படம் பிடித்து, நிறத்தையும் தடையையும் நீக்கிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். இதைக் கோடிக்கணக்கான புள்ளிகளில் ஒரே நேரத்தில் செய்யலாம். இந்த முறையைக் கருவியாக்க 1998இல் சொலெக்சா என்ற நிறுவனம் பிறந்தது. 2007இல் இலுமினா என்ற அமெரிக்க நிறுவனம் அதை வாங்கியது. 1990இல் தொடங்கிய மனித மரபணுத்தொகுதித் திட்டத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. இன்று ஒரு மனிதரின் மரபணுத்தொகுதியை ஒரே நாளில் படித்துவிடலாம். கொரோனாத் தொற்றின்போது பிரிட்டனில் வைரஸ் எப்படி மாறுகிறது என்பதைத் தொடர்ந்து கவனித்த கூட்டமைப்பும், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஷாரன் பீக்காக்கின் தலைமையில், மரபணு வரிசையைப் படித்துத்தான் தன் வேலையைச் செய்தது.

இதுவரை கதை மாணவருக்குப் பழகிய பாதையில்தான் போகிறது: அடிப்படை ஆராய்ச்சி, கருவி, மருத்துவம். ஆனால் அந்தக் கருவி மருத்துவத்தோடு நின்றுவிடவில்லை. 1195 வாக்கில் கேம்பிரிட்ஜ் நகரில் ஏழைகளையும் நோயாளிகளையும் வைத்துப் பராமரிக்க ஓர் அறநிலையம் எழுந்தது. 1511இல் அது இருந்த இடத்தில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி உருவானது. 2010 முதல் 2012 வரை கல்லூரிக் கட்டடம் ஒன்றின் அடியில் அகழ்ந்தபோது அந்த அறநிலையத்தின் இடுகாடு கிடைத்தது. சுமார் 400 பேரின் எலும்புகள். தொல்லியல் துறையினர் அந்த எலும்புகளில் காயத்தையும் நோயையும் பார்த்தார்கள். பல்லிலும் எலும்பிலும் உள்ள தனிமங்களின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை மாறிய வகைகளை) கொண்டு அவர்கள் என்ன உண்டார்கள், எங்கே வளர்ந்தார்கள் என்று வேதியியல் முறையில் கணித்தார்கள். பல்லுக்குள் எஞ்சிய டி.என்.ஏ.வைப் படித்தார்கள், அறநிலையத்தின் பழைய ஆவணங்களை வரலாற்றாசிரியர்கள் படித்தார்கள். அநாதைக் குழந்தைகள், நெடுநாள் நோயாளிகள், நொடித்துப்போன நகரத்தார், பல்கலைக்கழகத்தின் ஏழை அறிஞர்கள் என்று வெவ்வேறு வழியில் அங்கு வந்து சேர்ந்தவர்கள் அந்த எலும்புகளிலிருந்து மெல்லத் தெரியவந்தார்கள்.

இதே முயற்சியின் ஒரு பகுதியாகத்தான் கொள்ளைநோயால் இறந்தவர்களைத் தேடினார்கள். பிளேக் சில நாள்களில் ஆளைக் கொன்றுவிடுவதால் எலும்பில் எந்தத் தடமும் விடுவதில்லை. ஆகவே பெருங்குழியில் மொத்தமாகப் புதைத்திருந்தால் மட்டுமே தொல்லியலாளருக்கு அது தெரியும். கேம்பிரிட்ஜிலும் சுற்றுவட்டாரத்திலும் கிடைத்த எலும்புகளின் பற்களில் பிளேக் கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடி 2021இல் வெளியான ஆய்வு, அந்நோயால் இறந்தும் தனித்தனிக் குழியில் முறைப்படி அடக்கம் செய்யப்பட்டவர்களைக் காட்டியது. ஊரே செத்துக்கொண்டிருந்தபோதும் யாரோ ஒருவர் நின்று அந்தச் சடங்கைச் செய்திருக்கிறார். வேதியியலாளர்கள் இதைத் தேடவில்லை. தொல்லியலாளர்களிடம் கருவி இருக்கவில்லை. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை ஈமக்காட்டில் எடுத்த எலும்புகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மரபணு ஆய்வகத்துக்குப் போனதும் இதே தேவையால்தான்.

கருவி ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போவதைப் போலவே, ஒரு துறை பத்திரப்படுத்திய பொருளும் போகிறது. இதில்தான் 'பயனற்ற' துறைகளின் பங்கு பெரிது. கெய்ரோவின் பழைய நகரான ஃபுஸ்தாத்தில் உள்ள பென் எஸ்ரா யூதத் தொழுகைக்கூடத்தில், கடவுளின் பெயர் இருக்கக்கூடிய எந்த எழுத்தையும் தூக்கி எறியக் கூடாது என்ற வழக்கத்தால், நூற்றாண்டுகளாகக் கிழிந்த தாள்களை ஓர் அறையில் போட்டுவந்தார்கள். 1896இல் ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் தங்கள் பயணத்தில் வாங்கி வந்த சில துண்டுகளை கேம்பிரிட்ஜில் இருந்த சாலமன் ஷெக்டர் என்ற எபிரேய அறிஞரிடம் காட்டினார்கள். அவற்றில் ஒன்று, தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட ஒரு சமய நூலின் எபிரேய மூலம் என்று அவர் கண்டுகொண்டார். கணிதவியலாளரும் எபிரேயப் புலமை உள்ளவருமான சார்ல்ஸ் டெய்லர் செலவை ஏற்க, ஷெக்டர் கெய்ரோ போய் சுமார் 1,93,000 துண்டுகளைக் கேம்பிரிட்ஜ் நூலகத்துக்குக் கொண்டுவந்தார். அவர் தேடியது சமய நூல்களை. கடைக் கணக்கு, திருமண ஒப்பந்தம், கடன் சீட்டு, பிள்ளைகள் எழுதிப் பழகிய தாள் முதலியவற்றை அன்று யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஒரு பகுதி பல பத்தாண்டுகள் பிரிக்கப்படாமலே பெட்டிகளில் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எஸ்.டி. கொய்டைன் என்ற வரலாற்றாசிரியர் அந்தச் சாதாரணத் தாள்களைப் படித்தபோது, இடைக்கால மத்தியதரைக்கடல் உலகின் விலைவாசி, கூட்டு வாணிகம், குடும்ப வாழ்க்கை ஆகியவை பற்றி வேறெங்கும் கிடைக்காத சான்று கிடைத்தது. இந்தியப் பெருங்கடல் வாணிகமும் அதற்குள் இருந்தது: பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் ஆண்டுக்கணக்கில் தங்கி மிளகு வாங்கியும் உலோகப் பாத்திரப் பட்டறை நடத்தியும் வந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகருக்கு ஏடனிலிருந்து வந்த கடிதங்களில் பல இன்று கேம்பிரிட்ஜ் நூலகத்தில்தான் இருக்கின்றன. உலகின் பல நூலகங்களில் சிதறிய ஒரே தாளின் துண்டுகளைக் கையெழுத்தையும் வரியமைப்பையும் ஒப்பிட்டுச் சேர்த்துவைக்கும் வேலையில் இப்போது கணினி அறிவியலாளர்கள் இறங்கியிருக்கிறார்கள்.

கணினி பற்றிச் சொல்லும்போது எட்சாக்கைச் சொல்லாமல் போக முடியாது. மாரிஸ் வில்க்ஸ் குழு கட்டிய அந்தக் கணினி 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை ஓட்டியது. கணினியைப் பற்றி ஆராய்வதற்கான பொருளாக மட்டும் அதை வைக்காமல், பல்கலைக்கழகத்தின் எந்தத் துறையும் வந்து பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். கணினியைக் கட்டியதற்கு இணையான சாதனையாகவே அந்த முடிவை நான் கருதுகிறேன். மரபியலாளர் ரொனால்டு ஃபிஷர் தன் சமன்பாட்டோடு வந்தார். மயோகுளோபின் என்ற புரதத்தின் முப்பரிமாண அமைப்பைத் தேடிய ஜான் கெண்ட்ரூ தன் எக்ஸ்-கதிர்த் தரவுகளோடு வந்தார். வானொலி வானியலாளர் மார்ட்டின் ரைல் வந்தார். நரம்பில் மின்துடிப்பு எப்படிப் பாய்கிறது என்று கணிக்க வேண்டியிருந்த ஆண்ட்ரூ ஹக்ஸ்லிக்கு மட்டும், அவருக்குத் தேவைப்பட்ட நேரத்தில் கணினி மாற்றியமைப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அவர் கையால் சுழற்றும் கணக்குப்பொறியிலேயே அந்தச் சமன்பாடுகளைத் தீர்த்தார். அந்த வேலை 1952இல் வெளியாகி 1963இல் அவருக்கும் ஆலன் ஹாட்ஜ்கினுக்கும் நோபல் பரிசைத் தந்தது.

மெய்யியல் எதற்கு என்ற கேள்விக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பெயர் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ். கேம்பிரிட்ஜில் முதலில் வரலாறும் பிறகு மெய்யியலும் படித்தவர். மெய்யியலாளர் விட்கன்ஸ்டைனின் மாணவியான மார்கரெட் மாஸ்டர்மன் நடத்திய மொழி ஆய்வுக் குழுவில் சேர்ந்து, சொல்லின் பொருளை இயந்திரம் எப்படிக் கையாளும் என்று யோசித்தவர். எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லால் ஓர் ஆவணத்தை இனங்காண முடியாது, சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கே அதிக எடை தர வேண்டும் என்பதை அவர் 1972இல் ஒரு கணக்கீடாக எழுதினார். இணையத் தேடுபொறிகள் நெடுங்காலம் இந்தக் கருத்தின் மேல்தான் நின்றன. ஆனால் அவர் எந்தத் துறையின் ஆள் என்பது தெளிவாக இல்லாததால் பல ஆண்டுகளைத் தற்காலிக ஒப்பந்தங்களிலேயே கழித்தார். பேராசிரியரானது 1999இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு. பல துறைகள் ஒரே ஊரில் இருப்பது வேறு, அவற்றுக்கு நடுவில் நிற்பவருக்கு நாற்காலி கொடுப்பது வேறு. இரண்டாவதைப் பல்கலைக்கழகங்கள் இன்றும் சரியாகச் செய்வதில்லை என்பது என் உறுதியான கருத்து.

துறைகளின் வேகமும் ஒன்றல்ல, அதனால் ஒரே அளவுகோலை எல்லாவற்றுக்கும் வைக்க முடியாது. மாக்ஸ் பெரூட்ஸ் ஹீமோகுளோபினின் அமைப்பை ஆராயத் தொடங்கியது 1937இல். அமைப்பு தெரியவந்தது 1959இல். அந்த வேலைக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் பிடித்தன. ராமானுஜன் 1920 ஜனவரியில் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அறிமுகப்படுத்திய மாக் தீட்டா சார்புகள் உண்மையில் எந்தக் கணிதக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது 2002இல் ஸ்வெகர்ஸ் என்ற டச்சு மாணவரின் முனைவர் பட்ட ஆய்வேட்டில்தான் தெளிந்தது. அதற்குப் பிறகு கருந்துளைகளின் என்ட்ரோபியை (ஒழுங்கின்மையின் அளவை) கணக்கிடும் இயற்பியலாளர்களும் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாண்டுத் திட்ட அறிக்கையில் இவற்றை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

பிரிட்டன் அரசு 1986 முதல் பல்கலைக்கழக ஆராய்ச்சியை அவ்வப்போது மதிப்பிட்டு அதற்கேற்ப நிதி தருகிறது. 2021 மதிப்பீட்டில் துறைகள் 34 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றையும் அந்தந்தத் துறையினரே மதிப்பிட்டார்கள். வரலாற்றில் முழு நூல், கணினியியலில் மாநாட்டுக் கட்டுரை, வேதியியலில் ஆய்விதழ்க் கட்டுரை, இசையில் இயற்றிய படைப்பு என்று எல்லாவற்றையும் ஆராய்ச்சி வெளியீடாக ஏற்கும் அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. ஆனாலும் ஒரே பட்டியலில் கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோள் எண்ணிக்கையையும் போட்டு எல்லாத் துறைகளையும் வரிசைப்படுத்துவதைவிட அது நேர்மையானது. அப்படி வரிசைப்படுத்தினால் சுவடி படிப்பவர் எப்போதும் கடைசியில்தான் நிற்பார். ஒரு சுவடியின் எழுத்தைப் படிக்கத் தேர்ச்சி பெறவே பல ஆண்டுகள் ஆகும். அந்தத் தேர்ச்சி ஒருமுறை அறுந்துவிட்டால், பெட்டியைத் திறந்தாலும் படிக்க ஆள் இருக்காது.

கேள்வி கேட்ட மாணவருக்கு ஒரு சிறு வேலை சொல்கிறேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் ஊரின் கல்வெட்டுகள், பாசன ஏரிகள், நெசவு என்று ஏதாவது ஒன்றைப் பற்றி வரலாற்றுத் துறையிலோ மானுடவியல் துறையிலோ எழுதிய ஓர் ஆய்வேட்டை இறக்கி, அதில் ஒரே ஓர் அடிக்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது காட்டும் மூலத்தை, கல்வெட்டோ அரசாணையோ, தேடிப் போய் நீங்களே படியுங்கள். ஆய்வாளர் சொன்னது அதில் இருக்கிறதா, இல்லையா, வேறு விதமாகவும் படிக்க முடியுமா என்று பாருங்கள். ஆய்வகத்தில் ஒருவரின் அளவீட்டை நீங்கள் எப்படிச் சோதிப்பீர்களோ அதே கண்டிப்போடு சோதியுங்கள். அது தேறலாம், தேறாமலும் போகலாம். எந்த முடிவு வந்தாலும், அந்தத் துறையில் ஆராய்ச்சி என்றால் என்ன என்பது உங்கள் கையில் இருக்கும் அந்தத் தாளிலிருந்தே தெரிந்துவிடும்.